ஊருணிப் பாசியும் வயற்பாசியும்

ஐப்பசி மழை பெய்து ஊருணி நிரம்பிய சில நாட்களில் அதன் படிக்கட்டுகளில் வழுக்கல் ஏறிவிடுகிறது. குடத்துடன் இறங்குவோர் பெருவிரலை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவர். மாசி, பங்குனியில் நீர் வற்றிச் சுருங்கும்பொழுது அதே ஊருணியின் மேல் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாற்போன்ற ஓர் ஏடு படிகிறது. மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு. தாகம் மிகுந்தால் குடித்துவிடுவதும் உண்டு. இரண்டையும் ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் வசிக்கும் நமக்கு இந்தப் பொருள் பொழுதுபோக்கிற்காகப் படிக்கவேண்டிய ஒன்றன்று. இங்கே ஆறு என்று சொல்லத்தக்கது மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. கண்மாயும் ஊருணியும் கிணறுமே நமது செல்வம். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் சோளமும் விளைகின்றன. கண்மாய்ப் பாசனம் உள்ள இடத்தில் நெல் விளைகிறது. நெல் விளையும் அந்த வயலில் பாசிகளுள் ஓர் இனம் செலவின்றி உரம் இடுகிறது; அதன் உறவினமே கண்மாய் நீரில் பெருகி அதை நஞ்சாக்கவும் வல்லது. எது எங்கே வளர்கிறது, எதனால் வளர்கிறது என்பதை அறிந்தால் ஒன்றை வளர்க்கலாம், மற்றொன்றைத் தடுக்கலாம்.

இப்பாசிகளுக்கு நீலப்பச்சைப் பாசி என்று பெயர். இலையில் உள்ள பச்சை நிறப்பொருளுடன் ஒரு நீல நிறப்பொருளும் இவற்றில் கலந்திருப்பதால் இப்பெயர் வந்தது. உண்மையில் இவை பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை என்பதே இன்றைய விஞ்ஞானிகளின் முடிவு. ஆயினும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளிவிடுவதில் இவை செடிகொடிகளுக்கெல்லாம் மூத்தவை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் காற்று மண்டலத்தில் பிராணவாயு சேரத் தொடங்கியது இவற்றின் உழைப்பாலேயே. பெயர் பழகிவிட்டபடியால் நாமும் பாசி என்றே சொல்வோம்.

எங்கெங்கே வளர்கின்றன?

நீர் நிலைகளில் மட்டுமே இவை உண்டென்று எண்ணுவது தவறு. கோயில் மதில்களிலும் பழைய கட்டடங்களின் சுவர்களிலும் மழைநீர் வழிந்த வழியெல்லாம் கருங்கோடுகள் தெரிகின்றனவே, அவற்றுட் பெரும்பாலானவை இப்பாசிகளே. வெயிலில் காய்ந்து கரியாய்ப் படிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் உயிர் பெற்றுவிடும். மழைக்குப் பின் வரப்போரத்திலும் மேய்ச்சல் தரையிலும் கரும்பச்சை நிறத்தில் வழவழப்பான தோல்போல ஒன்று உப்பிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அது நாஸ்டாக் என்னும் இனம். வெயில் ஏறியதும் கருகிய காகிதம்போல் சுருண்டுவிடும், ஆனால் சாவதில்லை. இலங்கையின் பாறைகளிலும் மரங்களிலும் மண்ணிலும் இப்பாசிகள் எவ்வளவு செழித்திருக்கின்றன என்பதை ஆங்கில அறிஞர் பிரிட்ச் என்பவர் நேரில் கண்டு 1907-ல் எழுதினார். வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் நாடுகளே இவற்றின் தாயகம் என்பது அதனால் விளங்கிற்று.

கடலிலும் உண்டு, உப்பளங்களிலும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளைத் திரட்டிப் பாதுகாக்கவென்றே 1991-ல் ஒரு தேசிய நிலையம் நிறுவப்பட்டது. சவுட்டுக் காரம் மிகுந்த ஏரிகளில் வேறெதுவும் வாழமுடியாத இடத்தில் சுருள்பாசி செழிக்கிறது. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கத்து மக்கள் அதைத் துணியால் வடித்து வெயிலில் உலர்த்தி உணவாகக் கொள்கின்றனர். நமது மாகாணத்திலும் சுருள்பாசியைத் தொட்டிகளில் வளர்த்து மெல்லிய துணியில் வடித்தெடுக்கும் தொழில் நடைபெறுகிறது. இதைக் கேட்டு ஊருணிப் பாசியை யாரும் வாயில் வைத்துவிட வேண்டாம். தொட்டியில் தனி விதையிட்டுக் காவலுடன் வளர்ப்பது வேறு, குட்டையில் தானே வளர்வது வேறு. சாயத்தொழில் அறிந்த நெசவாள நண்பர்கள் இன்னொரு கேள்வி கேட்கக்கூடும்: அந்த நீல நிறத்தை நூலுக்கு ஏற்றலாமா? மிட்டாய்க்கும் குளிர்பானத்திற்கும் அது நிறமாகப் பயன்படுகிறது. ஆனால் வெயிலுக்கும் கொதிநீருக்கும் நில்லாமல் வெளுத்துவிடும். சேலைக்கு ஆகாது.

காற்றிலிருந்து உரம்

நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைய நைட்ரஜன் வாயு. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து என்பது இதுவே. ஆனால் காற்றிலுள்ளபடியே பயிர் இதை எடுத்துக்கொள்ள இயலாது; வேறு பொருளுடன் பிணைந்து உப்பாக வந்தால்தான் வேர் ஏற்கும். நமது பட்டாசுத் தொழிலில் புழங்கும் வெடியுப்பு அவ்வாறு பிணைந்த நைட்ரஜனே. யூரியாவும் அப்படியே. இந்தப் பிணைப்பைச் செய்வதற்கு உரத் தொழிற்சாலைகளில் 400, 500 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல் 150, 200 மடங்கு அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. நீலப்பச்சைப் பாசிகளிற் பல, முழங்கால் ஆழ நீரில், வெறும் வெயிலைக் கொண்டு அதே வேலையைச் செய்துவிடுகின்றன.

எப்படிச் செய்கின்றன என்பது வியப்பானது. இவ்வேலைக்கு உரிய நொதிப்பொருள் பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். பாசியோ நாள் முழுவதும் பிராணவாயுவை வெளியிடுவது. ஆகவே மணிமாலைபோல் நீண்ட அதன் உடலில் பத்துப் பன்னிரண்டு மணிகளுக்கு ஒன்றாகச் சில உயிரணுக்கள் தடித்த சுவர் எழுப்பிக்கொண்டு, உணவு சமைக்கும் வேலையை விட்டுவிட்டு, பிராணவாயு புகாத அறைகளாக மாறிவிடுகின்றன. அங்கேதான் நைட்ரஜன் பிணைக்கப்படுகிறது. பக்கத்து அணுக்கள் அதற்கு உணவு கொடுக்கின்றன. அது அவற்றிற்குத் தழைச்சத்துக் கொடுக்கிறது. கூட்டுறவை நாம் கண்டுபிடித்ததாகப் பெருமை பேசிக்கொள்வதற்கு அதிக இடமில்லை.

வயலில் இது நிகழ்கிறது என்பதை நிலைநாட்டியவர் வங்காளத்து அறிஞர் பி. கே. டே. எருவே இடாத வயல்களிலும் ஆண்டுதோறும் நெல் ஓரளவு விளைந்துகொண்டே இருப்பது எதனால் என்ற பழைய கேள்விக்கு அவர் 1939-ல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் விடை கூறினார். தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியே அதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. பிறகு காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஆர். என். சிங் இதே துறையில் உழைத்தார். ஐக்கிய மாகாணத்தின் களர் நிலங்களைச் சுற்றி வரப்பிட்டு மழைநீரைத் தேக்கினால் பாசி படர்ந்து நிலத்தின் காரத்தன்மை தணிகிறது என்று 1950-ல் அவர் எழுதினார். களர் நிலத்திற்கு முதன் மருந்து ஜிப்சமே என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது. பாசி துணைமருந்து என்ற அளவில் கொள்ளலாம்.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் பாசிகளை ஆராய்வோர் பரம்பரையொன்றையே உண்டாக்கினார். அவ்வழியில் வந்த டி. வி. தேசிகாச்சாரி இந்திய நாட்டின் நீலப்பச்சைப் பாசிகளை வகைப்படுத்தி 1959-ல் வெளியிட்ட பெருநூல், உலகெங்கும் இன்றும் மேசைமேல் வைத்துப் புரட்டப்படுகிறது.

வயலில் இவற்றிற்கு உகந்தவை எவை? முதலாவது, தேங்கி நிற்கும் ஆழமற்ற நீர். இரண்டாவது, நல்ல வெளிச்சம். நட்ட பயிர் தழைத்து நிழல் பரப்புவதற்கு முன்னுள்ள வாரங்களே இவை பெருகும் காலம். மூன்றாவது, 25 முதல் 35 டிகிரி வரை வெப்பம். நான்காவது, புளிப்பில்லாத மண். கார அமில எண் 7-க்குக் கீழே இறங்க இறங்க இவை மெலிகின்றன. 7-க்கும் 8½-க்கும் இடையே தழைக்கின்றன. நமது கரிசல் இயல்பாகவே காரச்சார்பு உடையது. மலையாள நாட்டுப் புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு இட்டு வருவிக்கவேண்டிய நிலையை இயற்கை நமக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறது.

எல்லாவற்றினும் முக்கியமானது மணிச்சத்து. தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் இப்பாசி மணிச்சத்தை நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும்தான் பெறவேண்டும். சூப்பர் பாஸ்பேட் இட்ட வயலில் பாசி விரைந்து படர்வது இதனால்தான். இரும்பும், மிகச் சிறிய அளவில் மாலிப்டினமும் வேண்டும்.

பகையும் உண்டு. நீரின் மேல் யூரியாவை வீசினால் பாசி சோம்பேறியாகிவிடுகிறது. கையருகே தழைச்சத்து கிடைக்கும்போது அந்தத் தடித்த அறைகளை அது கட்டுவதில்லை. நஷ்டம் அதோடு நிற்பதுமில்லை. பாசி படர்ந்த நீர் பகலில் கரியமிலவாயுவை இழந்து காரம் ஏறியிருக்கும். அத்தகைய நீரில் வீசிய யூரியாவிலிருந்து அம்மோனியா கிளம்பிக் காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கியது ஆவியாகிறது. காசில்லாமல் வந்தது நின்றுபோகிறது. தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் யூரியாவை இட்டுக் கலக்கிப் பிறகு நீர் கட்டுவதே முறை. நத்தைகளும், கடுகளவான ஓடுடைய நீர்ப்பூச்சிகளும் பாசியை மேய்ந்து தீர்த்துவிடுகின்றன. வேப்பங்கொட்டைத் தூள் இப்பூச்சிகளை அடக்குவதாக ஆராய்ச்சியில் கண்டிருக்கின்றனர்.

விளைச்சல் எவ்வளவு கூடும்? இதில் மிகைப்படுத்திப் பேசுவோர் உண்டாதலால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நன்கு படர்ந்த பாசி ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்துச் சேர்க்கும் என்பது கணக்கு. ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ. ஏறத்தாழ அரை மூட்டை யூரியா. அதுவும் உடனே பயிருக்குப் போய்ச் சேராது. பாசி மடிந்து மக்கிய பிறகே சேரும். ஒரு பகுதி அடுத்த போகத்திற்குத்தான் உதவும். இலங்கை அறிஞர் குலசூரியாவும் பிரெஞ்சு அறிஞர் ரோஜரும் உலகத்துச் சோதனைகளையெல்லாம் திரட்டி 1980-ல் ஒரு நூல் வெளியிட்டனர். பாசி விதை தூவியதால் பலன் கண்ட இடங்களும் உண்டு, காணாத இடங்களும் உண்டு என்பது அதிலிருந்து தெரிகிறது. பெரும்பாலான வயல்களில் பாசி ஏற்கெனவே குடியிருக்கிறது. அதற்கு இடையூறு செய்யாமல் மணிச்சத்துக் கொடுத்து நீரை நிறுத்துவதே பாதி வேலை. மானாவாரிப் பருத்திக்காட்டில் இதை நம்பி உரத்தைக் குறைக்க வேண்டாம்.

விதைப் பாசியைச் சங்கமே உற்பத்தி செய்யலாம். இதற்கு வேண்டியது ஒரு சென்ட் நிலம். நீர் வசதியுள்ள வெயிலடியில் 20 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமாகப் பாத்தி கட்டி, வரப்பை முக்கால் முழ உயரத்திற்குச் சற்றுக் குறைவாக எழுப்பிச் சேறு பூசி, இரண்டு மூன்று அங்குலம் நீர் நிறுத்தி, ஓர் இரவு தெளியவிடவேண்டும். 2 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் 200 கிராம் சுண்ணாம்பும் தூவி, 5 கிலோ தாய்ப்பாசியைப் பொடித்து மேலே இறைக்கவேண்டும். நீர் வற்றவற்ற ஊற்றிக்கொண்டே வந்தால் பதினைந்து நாளில் தடித்த ஏடாகப் பாசி படர்ந்துவிடும். பிறகு நீரை வற்றவிட்டுக் காயவைத்தால் அப்பளம்போல் பெயர்ந்து வரும். ஓர் அறுவடையில் 16 முதல் 30 கிலோ வரை கிடைக்கும். ஏக்கருக்கு 4 கிலோ வீதம், நட்ட பத்தாம் நாள் நிற்கும் நீரில் தூவவேண்டும். ஆக ஒரு சென்ட்டில் விளைந்தது நான்கு முதல் ஏழு ஏக்கருக்குப் போதும். உலர்ந்த ஏட்டைச் சாக்கில் கட்டி ஈரம் படாத இடத்தில் வைக்கலாம். உரமூட்டைகளுடனும் பூச்சிமருந்துடனும் சேர்த்து வைக்கலாகாது. தாய்ப்பாசி பற்றிக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டறியலாம்.

கண்மாயில் படரும் நஞ்சு

வயலில் விரும்புவது கண்மாயில் விபரீதமாகிறது. கோடையில் நீர் அசையாமல் நின்று, சூடேறி, மணிச்சத்தும் தழைச்சத்தும் இரண்டுமே அதில் மிகுந்துவிட்டால் அங்கே மைக்ரோசிஸ்டிஸ் என்னும் இனம் கொடி நாட்டுகிறது. இது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிணைக்காத இனம். சாணமும் மூத்திரமும் சாக்கடையும் அதை ஊட்டுவதால் பிணைக்கவேண்டிய அவசியமும் அதற்கில்லை. உடலுக்குள் நுண்ணிய காற்றுப்பைகள் இருப்பதால் வெளிச்சத்தைத் தேடி மேலே மிதந்து, மற்றப் பாசிகளுக்கு வெயில் கிடைக்காமல் மறைத்துவிடுகிறது. கோயில் தெப்பக்குளமொன்றில் இப்பாசி ஆண்டு முழுவதும் நீங்காமல் படர்ந்திருந்ததை எஸ். வி. கணபதி என்பவர் ஆராய்ந்து 1940-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதியிருக்கிறார். ஆகவே இது நேற்று வந்த தொல்லையன்று.

இப்பாசியில் எல்லாமே நஞ்சன்று; ஆயினும் எது நஞ்சு, எது நஞ்சற்றது என்பது கண்ணுக்குத் தெரியாது. நஞ்சுள்ளது ஈரலைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியின் கரையில் ஆடு, மாடு, குதிரைகள் பாசி நீரைக் குடித்து மடிந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-ல் முதன்முதலாக எழுதிவைத்தார். நமது காலத்தில் 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தார் நான்கு லட்சம் பேருக்கு மேல், குழாய் நீரைக் குடிக்கவேண்டாமென்ற அறிவிப்பைக் கேட்டுச் சில நாட்கள் தவித்தனர். காரணம் ஈரி ஏரியில் படர்ந்த இதே மைக்ரோசிஸ்டிஸ். அதை வளர்த்தது கழனிகளிலிருந்து மழையில் அடித்து வந்த மணிச்சத்து. குடிநீரில் இந்நஞ்சு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு.

இரண்டு செய்திகளைத் தாய்மார்கள் குறிப்பாக அறியவேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இந்நஞ்சு போகாது. மயில்துத்தம் போட்டால் பாசி சாகும். ஆனால் செத்த பாசியின் உடலிலிருந்து நஞ்சு நீரில் கலந்துவிடும். மயில்துத்தம் கரைத்த மறுநாளே மாட்டை இறக்குவது, பாசி இருந்தபோது இறக்குவதைவிட ஆபத்து.

எந்தப் பாசி என்று ஓரளவு கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு குச்சியை ஏட்டினுள் விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாக, ஈரத் தலைமயிர்போல் தொங்கினால் அது சாதாரணப் பச்சைப்பாசி. சாய வாளியில் தோய்த்து எடுத்தாற்போல் குச்சியின்மேல் பூசிக்கொண்டால் ஐயப்படவேண்டும். கண்ணாடிச் சீசாவில் முக்கால் பங்கு நீரெடுத்து மூடி ஓர் இரவு அசைக்காமல் வைப்பது இன்னொரு முறை. மறுநாள் பச்சை அடியில் தங்கினால் பெரும்பாலும் தீங்கில்லை. மேலே மிதந்து வளையம் கட்டினால் அந்த நீரை ஆடுமாடுகளுக்குக் காட்டவேண்டாம், குழந்தைகளை அதில் குளிக்கவிடவும் வேண்டாம். வெறுங்கையால் அள்ளாதீர்கள். இது முடிந்த முடிவன்று. ஐயம் இருப்பின் நீரைச் சோதனைக்கு அனுப்பவேண்டும்.

பாசியை அழிப்பதைவிட அதன் தீனியை நிறுத்துவதே வழி. வரத்துக்கால் வழியே சாணக்குழி நீர் இறங்காமல் திருப்புவதும், துணி வெளுப்பதற்குக் கரையைவிட்டு அப்பால் ஒரு கல் போட்டு அந்நீரைத் தென்னை மரத்திற்குப் பாய்ச்சுவதும் பெருஞ்செலவு உள்ள காரியங்களல்ல. நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை: பாவுக்குப் போட்டது போக மிஞ்சிய கஞ்சியை ஊருணியில் கொட்டுவதைச் சிலர் குற்றமாக எண்ணுவதில்லை, அரிசிக் கஞ்சிதானே என்பர். கஞ்சி அழுகும்பொழுது நீரின் அடியிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது; அது தீர்ந்ததும், சேற்றில் கட்டுண்டு கிடந்த மணிச்சத்து அவிழ்ந்து நீருக்கு வந்துவிடுகிறது. சாயப்பட்டறைச் சோப்பும் காரமும் அதனுடன் சேர்ந்தால் மைக்ரோசிஸ்டிசுக்கு விருந்து வைத்ததாகும்.

கண்மாயின் அடியில் பல ஆண்டுகளாய்ச் சேர்ந்துள்ள மணிச்சத்தை என்ன செய்வது? நம் பாட்டன்மார் அந்தப் பெயரை அறியாமலே அதற்கு விடை கண்டிருந்தனர். சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டதும் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வயலில் கொட்டினர். கண்மாய்க்குக் கேடாயிருந்தது வயலுக்கு உரமாயிற்று. ஊருணியில் பாசியை வளர்த்திருக்கும் சத்து நெல்வயலில் நல்ல பாசியை வளர்த்தது. இடையில் குடிமராமத்து நின்றுபோய், வண்டல் அங்கேயே கிடந்து மேடேறியது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியதோடு, கண்மாய் வண்டலை விவசாயிகள் விலையின்றி எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. அனுமதிக்கு நிலத்தின் விவரத்துடன் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். தனித்தனியே அலைவதைவிட அங்கத்தினர்களின் விண்ணப்பங்களைச் சங்கம் ஒன்றாகத் திரட்டி, மாசி மாதத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்ப்பித்தால், கண்மாய் வறளும் நாளில் டிராக்டருக்கு ஆள் சேர்த்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வண்டல் எடுக்கையில் கரையடியையும் மடைப்பக்கத்தையும் விட்டு, நடுக்கண்மாயில் மேல்மண்ணை மட்டும் சீராக எடுக்கவேண்டும். மணல் தட்டினால் அங்கே நிறுத்திவிடவேண்டும்.